கரப்பானுக்கு ஊர் எது?

கரப்பான் பூச்சியை அறியாதவர் நம்மில் ஒருவரும் இலர். கரத்தல் என்றால் ஒளிதல் என்று பொருள். விளக்கைப் பொருத்திய மாத்திரத்தில் சுவரிடுக்கில் மறைந்துவிடும் பூச்சியின் பெயரில் அச்சொல் ஒலிப்பதைக் கேட்கும்பொழுது, பெயரிட்டவர் அதனைக் கூர்ந்து பார்த்தவர் என்றே தோன்றுகிறது. தென் மாவட்டங்களில் இதனைப் பாச்சை என்றும் வழங்குவதுண்டு. இத்துணைப் பழக்கமான உயிரைப் பற்றிச் சொல்வதற்குப் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று நானும் எண்ணியிருந்தவனே. என் பெரியம்மாவின் வீட்டு அடுக்களைதான் அவ்வெண்ணத்தை மாற்றியது.

பழனி வட்டத்துக் கீரனூரில் இருக்கிறது அவ்வீடு. முன்கட்டு பழைய ஓட்டு வீடு. பின்கட்டில் பிற்காலத்தில் எழுப்பிய தளம் போட்ட அடுக்களை. சாக்கடைத் துளை வழியாக இரவில் பெரிய செங்கரப்பான்கள் ஏறி வரும். அவற்றோடு, விரல் நகத்தின் அளவே உள்ள வெளிர்ப் பழுப்புநிறப் பூச்சிகளும் அடுப்பு மேடையில் ஓடும். “பெருசு வந்து குஞ்சு பொரிச்சிட்டுப் போயிருச்சு கண்ணு. பெருச ஒழிச்சாச் சிறுசு தானா ஒழியும்” என்பது பெரியம்மாவின் முடிவு. அம்முடிவின்படியே துளைக்கு வலை அடித்தார். சாக்கடையில் மருந்து ஊற்றினார். பெரியவை குறைந்தன. சிறியவையோ மாதத்திற்கு மாதம் பெருகின. அதன்பின் அடுக்களை முழுவதும் மருந்து தெளிக்கத் தொடங்கினார்கள். வீட்டில் ஐந்து வயதுப் பேத்தி ஒருத்தி இருக்கிறாள். மூச்சிளைப்பு உள்ள குழந்தை. தெளித்த நாள்களில் அவளுக்கு இருமல் நிற்பதில்லை. தெளிக்காவிட்டால் பூச்சி நிற்பதில்லை.

பெரியம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. கல்லூரியில் விலங்கியல் பயின்றவர்களே இப்பிழையைச் செய்கிறார்கள். பல தலைமுறை மாணவர்கள் கரப்பானை மெழுகுத் தட்டில் கிடத்தி, அதன் உணவுக் குழலையும் நரம்பு வடத்தையும் பிரித்துக் காட்டி மதிப்பெண் பெற்றார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2014-ஆம் ஆண்டில் அவ்வறுவைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லும் வரையில் அது நடந்து வந்தது. ஆனால் அந்தத் தட்டில் கிடந்தது ஒரே ஓர் இனம்: பெரிப்ளானெட்டா அமெரிக்கானா என்னும் அமெரிக்கக் கரப்பான். உலகில் கரப்பான் இனங்கள் 4,500-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை காட்டில் சருகிடையே வாழ்ந்து மடிபவை. நம் வீடுகளை நாடுபவை ஏறத்தாழ முப்பது. மனப்பாடம் செய்த ஒன்றைத் தவிர மற்றவற்றையெல்லாம் அதன் குஞ்சுகளாகவே கொண்டுவிடுகிறோம்.

இனி இப்பெயர்களின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் 1758-இல் அமெரிக்கக் கரப்பானுக்கும், கீழ்த்திசைக் கரப்பானுக்கும், சுரினாம் கரப்பானுக்கும் பெயர் சூட்டினார். 1767-இல் ஜெர்மன் கரப்பான் பெயர் பெற்றது. அவருடைய மாணவர் ஃபாப்ரீசியஸ் 1775-இல் ஆஸ்திரேலியக் கரப்பானைச் சேர்த்தார். இந்த ஃபாப்ரீசியஸுக்கும் நம் கடற்கரைக்கும் ஓர் உறவு உண்டு. லின்னேயஸிடம் பயின்ற இன்னொருவரான யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தவர். அவர் திரட்டி அனுப்பிய தமிழ்நாட்டுப் பூச்சிகள் பலவற்றுக்கு ஃபாப்ரீசியஸ்தான் பெயரிட்டார். ஆகவே, நம் ஊர்ப் பூச்சிகள் வடக்கு ஐரோப்பாவின் அறிஞர் மேசையில் கிடந்த காலம் அது.

அமெரிக்கா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா, சுரினாம் என்று ஊர்ப்பெயர் தாங்கிய இவ்வினங்களில் பெயருக்கேற்ற ஊரில் பிறந்தது ஒன்றும் இல்லை என்பதே வியப்பு. பெயரிட்டவர்கள் பொய் சொல்லவில்லை. மாதிரி எங்கிருந்து கிடைத்ததோ அவ்வூரை எழுதினார்கள். பூச்சியோ அதற்கு முன்பே கப்பலேறிப் பல கரை கண்டிருந்தது. தாமஸ் மொஃபெட் என்னும் ஆங்கில மருத்துவரின் பூச்சி நூல், அவர் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 1634-இல் அச்சேறியது. கடலோடி டிரேக், ‘பிலிப்’ என்னும் நறுமணச் சரக்குக் கப்பலைப் பிடித்தபொழுது அதனுள் இறக்கையுள்ள கரப்பான்கள் மொய்த்துக் கிடந்தன என்று அதில் எழுதியிருக்கிறார். 1624-இல் ஜான் ஸ்மித் என்பவர், பெட்டிகளுக்குள் புகுந்து பொருள்களைத் தின்று நாற்றமேற்றும் ‘இந்தியப் பூச்சி’ ஒன்றைப் பற்றி எழுதினார். அவர் சொன்ன இந்தியா மேற்கிந்தியத் தீவுகளாகவே இருத்தல் வேண்டும். எனினும், குற்றத்தை வேறோர் ஊரின் தலையில் ஏற்றும் வழக்கம் எத்துணைப் பழையது என்பதற்கு அது சான்று.

அமெரிக்கக் கரப்பான் அமெரிக்காவிற்கு உரியது அன்று என்பதை, பிலடெல்பியாவில் பணியாற்றிய பூச்சியியல் அறிஞர் ஜேம்ஸ் ரென் 1945-இல் விளக்கினார். அதன் நெருங்கிய உறவினங்கள் வாழும் இடம் வெப்ப மண்டல ஆப்பிரிக்கா. அங்கிருந்து மனிதர்களை விலங்கிட்டு அடிமைகளாக ஏற்றிச் சென்ற கப்பல்களின் அடித்தளத்திலேயே இப்பூச்சியும் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது என்பது அவர் கருத்து. அந்த அடிமைக் கப்பல்களில் மாண்டவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை. உடன் சென்ற பூச்சிக்கோ இலத்தீனில் பெயர் கிடைத்தது; அதிலும் ஏற்றிய கரையின் பெயரன்று, இறக்கிய கரையின் பெயர். சுரினாம் கரப்பான் தென்னமெரிக்காவில் பெயர் பெற்றதாயினும், அதன் தாயகம் நம்மைச் சூழ்ந்த ஆசிய வெப்ப நிலங்களே.

ஜெர்மன் கரப்பானின் கதை இன்னும் சுவையானது. 1756 முதல் 1763 வரை ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் நடந்தது. படைகள் நாடுவிட்டு நாடு நகர்ந்தன. அவற்றின் உணவு மூட்டைகளோடு இப்பூச்சியும் நகர்ந்தது. ருஷ்யர்கள் அதனைப் பிரஷ்யன் என்றார்கள். பிரஷ்யர்களோ அதனை ருஷ்யன் என்றார்கள். போர் முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து லின்னேயஸ் ஜெர்மனியின் பெயரை எழுதி வழக்கைத் தீர்த்துவிட்டார். தீர்ப்பு சரியா என்பதுதான் ஐயம். ஐரோப்பாவில் அதற்கு நெருங்கிய உறவினம் ஒன்றும் இல்லை. வீட்டை விட்டு வெளியே காட்டிலோ வயலிலோ அது வாழ்வதும் இல்லை. எங்கும் இருக்கிறது, ஆனால் ஊரில்லை. இருநூற்றைம்பது ஆண்டுகள் இந்நிலையே நீடித்தது.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் இதற்கு விடை கிடைத்தது. சியான் டாங் என்பவரும் பல நாட்டு அறிஞர்களும் 17 நாடுகளிலிருந்து 281 கரப்பான்களைத் திரட்டி, அவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். ஜெர்மன் கரப்பான் ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன், இந்தியா அல்லது மியன்மார்ப் பகுதியில், பிளாட்டெல்லா அசாகினாயி என்னும் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்தது என்பது அவர்கள் முடிவு. நம் சங்கப் புலவர்களின் காலத்தை ஒட்டியது அது. வயலிலும் புதரிலும் திரிந்த பூச்சி, மனிதன் கட்டிய குடியிருப்புக்குள் புகுந்து, பிறகு வெளியே போகவே இல்லை. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் மேற்கே அரபு நாடுகளின் பக்கமாக அது பரவிற்று. அரபுப் பேரரசுகளின் வணிகமும் படையும் எழுச்சி பெற்றிருந்த காலம். 390 ஆண்டுகளுக்கு முன் கிழக்கே இந்தோனேசியத் தீவுகளுக்குச் சென்றது; ஐரோப்பிய வணிகக் குழுமங்களின் கப்பல்கள் அப்பொழுது அவ்வழியே ஓடிக்கொண்டிருந்தன. ஐரோப்பாவை அடைந்து 270 ஆண்டுகளே ஆகின்றன. லின்னேயஸின் ஏட்டில் அது இடம்பெற்ற காலத்தோடு இக்கணக்கு அழகாகப் பொருந்துகிறது. நீராவிக் கப்பலும், வெந்நீர்க் குழாயால் வெதுவெதுப்பான வீடுகளும் வந்தபின் உலகம் முழுவதும் அதன் வீடாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிள்ளைக்கு 1767-இல் பெயர் கிடைத்தது. தாயினத்திற்கு 1981-இல்தான் ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் பெயர் கிடைத்தது. 1986-இல் ஃபுளோரிடா மாநிலத்தில், ஜெர்மன் கரப்பான்கள் மாலை விளக்கை நோக்கிப் பறந்து வருகின்றன என்று மக்கள் முறையிட்டார்கள். ஜெர்மன் கரப்பானுக்கு இறக்கை உண்டு. ஆனால் அது பறப்பதில்லை. ஆராய்ந்து பார்த்தபொழுதுதான் வந்திருப்பது ஆசியக் கரப்பான் என்று தெரிந்தது. உருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது அறிஞர்க்கும் கடினம்; நடத்தையில் இரண்டும் இரு வேறு உலகம். புல்வெளியில் வாழும் பூச்சிக்காக வீட்டினுள் நஞ்சு தெளித்து என்ன பயன்?

மீண்டும் கீரனூர் அடுக்களைக்கு வருவோம். இந்த வரலாற்றைக் கொண்டு அங்கே செய்யத்தக்கது உண்டு. முதலில் பார்க்க வேண்டியது பூச்சியின் அளவை அன்று, இறக்கையை. கரப்பான் முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சிக்கு இறக்கை இராது. பலமுறை தோலுரித்து, கடைசித் தோலுரிப்பில்தான் முழு இறக்கை பெறும். ஆதலால் உடம்பை மூடிய இறக்கையோடு ஓடும் பூச்சி எவ்வளவு சிறியதாயினும் அது குஞ்சன்று. வளர்ந்து முடிந்த பூச்சி. இவ்வொரு விதியே பெரியம்மாவின் முடிவைத் தகர்க்கப் போதுமானது. விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. கருமையில் மஞ்சள் கோலம் இட்டாற்போன்ற ஒரு கரப்பான் நம் பக்கத்து வீடுகளில் காணப்படும். அது வளர்ந்த பின்னும் துண்டு இறக்கையோடேதான் இருக்கும். அதன் கோலமே அதற்கு அடையாளம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, தலையை மூடிக் கேடயம்போல் கவிந்திருக்கும் தகடு. செம்பழுப்பு நிறமும், அத்தகட்டின் ஓரத்தில் மங்கிய மஞ்சள் வளையமும், மூன்றரை முதல் நான்கு செண்டிமீட்டர் நீளமும் இருந்தால் அது அமெரிக்கக் கரப்பான். அதன் இருப்பிடம் நம் அடுக்களை அன்று. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, ஈரமான குப்பை ஆகியவையே. அடுக்களைக்கு அது விருந்தாளி. அதன் வழியை அடைத்தால், அதாவது துளைக்கு வலையும் தொட்டி மூடிக்குச் சாந்தும் இட்டால், பாதிப் போர் முடிந்தது. அதே உருவத்தில் இறக்கையின் தோள்பகுதியில் மஞ்சள் கோடு தீட்டியிருந்தால் அது ஆஸ்திரேலியக் கரப்பான், தோட்டத்தை விரும்புவது.

தகட்டில் தலைப்பக்கத்திலிருந்து பின்னோக்கி இரண்டு கரிய கோடுகள் இணையாக ஓடினால், பூச்சி ஒன்றரைச் செண்டிமீட்டருக்கு மேற்படாததானால், அதுவே ஜெர்மன் கரப்பான். இது விருந்தாளி அன்று, குடியிருப்பது. குளிர்பதனப் பெட்டியின் பின்னே சூடேறும் இயந்திரத்தருகிலும், அடுப்பு மேடையின் வெடிப்பிலும், அலமாரிக் கதவின் கீல் இடுக்கிலும் இது பகலைக் கழிக்கும். பெருக்கத்தில் இதற்கு ஈடில்லை. அமெரிக்கக் கரப்பான் சுமார் பதினாறு முட்டைகள் கொண்ட கூட்டை ஓரிரு நாளில் எங்கேனும் ஒட்டிவிட்டுப் போய்விடும். அதன் குஞ்சு வளர்ந்து முடிய ஆறு மாதம் முதல் ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். ஜெர்மன் கரப்பானின் பெண்ணோ முப்பது, நாற்பது முட்டைகள் கொண்ட கூட்டைக் குஞ்சு பொரிக்கும் தறுவாய் வரையில் தன் உடலின் பின்முனையிலேயே சுமந்து திரியும். அக்குஞ்சுகள் இரண்டு மூன்று மாதங்களில் தாயாகிவிடும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அளவில் ஜெர்மன் கரப்பானை ஒத்தது. ஆனால் கோடுகள் நீளவாக்கில் அல்ல, உடம்பின் குறுக்கே இரண்டு வெளிறிய பட்டைகள். 1798-இல் ஃபாப்ரீசியஸ் பெயரிட்டது. இது ஈரத்தை நாடாது. உலர்ந்த சூடான உயரத்தை நாடும். சாமி படத்தின் பின்புறம், பீரோவின் உச்சி, கடிகாரத்தின் உள், வானொலிப் பெட்டியின் உள். பழைய வானொலிப் பெட்டிகளின் குழல்விளக்குச் சூடு இதற்கு மிகவும் உவப்பாக இருந்திருக்க வேண்டும். வானொலியில் இதைப் பற்றிப் பேசுவது ஒரு வகையில் பழைய குடித்தனக்காரரைப் பற்றிப் பேசுவதே ஆகும். இப்பூச்சிக்காக அடுக்களைத் தரையில் மருந்து வைப்பவர் அதைச் சந்திக்கவே மாட்டார்.

மருந்தின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகப் போருக்குப் பின் வந்த குளோர்டேன் என்னும் நஞ்சினால் கரப்பான் ஒழிந்தது என்று நம்பினார்கள். 1950-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஜெர்மன் கரப்பான் அந்நஞ்சைத் தாங்கத் தொடங்கிவிட்டது. பின்வந்த நஞ்சுகள் பலவற்றுக்கும் அதே கதி. 1980-களில் நஞ்சை இனிப்பில் கலந்து இரையாக வைக்கும் முறை வந்தது. சில ஆண்டுகளில் ஃபுளோரிடாவில் கரப்பான்கள் அவ்விரையைத் தீண்ட மறுத்தன. நஞ்சைக் கண்டு அஞ்சினவா? இல்லை. குளுக்கோசை வெறுத்தன! அவ்வெறுப்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவது என்பதை ஜூல்ஸ் சில்வர்மன் 1993-இல் காட்டினார். 2013-இல் அவரும் உடனாய்வாளர்களும் அதன் உட்பொருளையும் கண்டார்கள்: அப்பூச்சிகளின் வாய்ப்பகுதியில் கசப்பை உணரும் நரம்பணுவே குளுக்கோசுக்கும் துடிக்கிறது. சர்க்கரை அவற்றுக்கு வேம்பாய்விட்டது. இனிப்பைத் தின்றவை மாண்டன. வெறுத்தவை பிழைத்துப் பெருகின. இயற்கைத் தேர்வு என்று பாடநூலில் படிப்பது இதுதான். இரை செய்வோர் பிறகு வேறு தின்பண்டங்களுக்கு மாறினார்கள்.

நம் நாட்டில் வீடுதோறும் தெளிக்கப்பட்ட டைக்குளோர்வாஸ் என்னும் நஞ்சு 2020-ஆம் ஆண்டின் முடிவோடு தடை செய்யப்பட்டது. தெளிப்பு மருந்தில் இன்னொரு குறையும் உண்டு. ஜெர்மன் கரப்பான் அதன் நெடிக்கு விலகி, ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் பரவிவிடும். இரை வைத்த இடத்தின்மேல் தெளித்தால் இரையும் வீணாகும். இவ்வினத்திற்கு உகந்தது, அரிசி மணியளவு இரைப்பசையை அது ஒளியும் இடுக்குகளில் வைப்பது. இரவில் எச்சில் பாத்திரத்தையும் ஈரத்தையும் ஒழிப்பது. அட்டைப்பெட்டிகளை அடுக்களையில் சேர்க்காதிருப்பது. கீரனூர்க் குழந்தைக்கும் இது தொடர்புள்ள செய்தி. கரப்பானின் கழிவும் உதிர்ந்த தோலும் தூசாகி மூச்சிளைப்பைத் தூண்டும். அமெரிக்க நகரங்களில் 476 குழந்தைகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட முடிவின்படி, கரப்பான் ஒவ்வாமையும் படுக்கையறையில் அதன் தூசு மிகுதியும் சேர்ந்திருந்த குழந்தைகள் மற்றவர்களைப்போல் மும்மடங்குக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆகவே பூச்சியும் ஒழிய வேண்டும், நெடியும் கூடாது.

இன்னொரு செய்தி. அடுக்களைச் சுவரில் சில வேளை கரிய சிறு குளவி ஒன்று, வயிற்றைக் கொடிபோல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடக்கும். அதனை அடித்துவிடாதீர்கள். அது நம்மைக் கொட்டுவதில்லை. அமெரிக்கக் கரப்பானின் முட்டைக்கூட்டைத் தேடி அதனுள் தன் முட்டையை இடும். அதன் புழு கரப்பான் முட்டைகளை உண்டு வளரும். பச்சை மணிபோல் மின்னும் இன்னொரு குளவி கரப்பானையே கொட்டி, மயங்கியதை மீசையைப் பிடித்து இழுத்துச் செல்லும். 1941-இல் ஹவாய்த் தீவுகளுக்கு இக்குளவியை வலிந்து கொண்டுபோய் விட்டார்கள். ஆனால் கூட்டைத் தன் உடலிலேயே சுமக்கும் ஜெர்மன் கரப்பானிடம் அந்தக் கொடிக் குளவியின் வேலை பலிக்காது. இனம் அறியாமல் நட்பையும் கணக்கிட முடியாது.

சென்ற கோடையில் ஓர் இரவு, கைவிளக்குடன் பெரியம்மாவும் நானும் குளிர்பதனப் பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தினோம். அவருக்காகவே ஒரு சிறு பூச்சியைக் கண்ணாடிக் குவளையால் மூடிப் பிடித்து வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இறக்கை இருக்கே கண்ணு. அப்ப இது குஞ்சில்ல, கிழவி” என்றார். அதன் பின்முனையில் கூடு நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கோடுகளையும் அவரே எண்ணிச் சொன்னார். மறுநாள் காலை, பெட்டியின் பின்னே அடுக்கியிருந்த அட்டைகளையெல்லாம் முற்றத்தில் கொட்டி எரித்தார். தெளிப்பானைக் கொல்லைப்புறத்து மாடத்தில் வைத்துவிட்டார். இடுக்குகளுக்கு இரைப்பசையை நான் வைத்தேன்.

“இது எந்த ஊருப் பூச்சி?” என்று கேட்டார். புத்தகத்தில் ஜெர்மனி என்று இருப்பதையும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்திலேயே தோன்றியிருக்கலாம் என்பதையும் சொன்னேன். அவர் அதனை ஏற்கவில்லை. எரியும் அட்டைப்பெட்டியைக் காட்டி, அது வந்த பக்கத்து ஊரின் பெயரைச் சொன்னார்.